பாத்திரமும் நடிகரும் இரசிகரும்

கலை என்பது இருவர் கூடி ஆக்கும் பொருள். படைப்போன் ஒருவன், படைத்ததை ஏற்றுச் சுவைப்போன் மற்றொருவன். இவ்விருவருள் ஒருவன் இல்லாவிடினும் கலை இல்லை. ஆளில்லாக் களரியிற் கூத்தாடுவானும், கூத்தில்லாக் களரியிற் காத்திருப்பானும் ஒரே வகையான வறுமையை உடையவரே. ஆயினும், படைப்போனைப் பற்றி நூல்கள் எழுந்த அளவிற்குச் சுவைப்போனைப் பற்றி எழுந்தில. அவனைப் பற்றி இன்று பேசுவோர் பெரும்பாலும் இரு திறத்தினர். அவனைக் கொண்டு பொருளீட்டக் கருதும் வணிகர் ஒரு திறத்தினர். அவனை வைது திருத்தக் கருதும் ஆசிரியரும் பெற்றோரும் மற்றொரு திறத்தினர். இரண்டாம் திறத்திலே நாமும் நெடுங்காலம் இருந்தோம். அவ்விடத்தினின்றும் சிறிது விலகி நின்று இப்பொருளை ஆராய நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறுதல் முறையாகும்.

ஒரு கட்டுரைக் கொப்பி

சென்ற ஆண்டு பத்தாந் தரத்து மாணவர்க்கு, "யான் போற்றும் ஒருவர்" என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதுமாறு பணித்தோம். காந்தியடிகளும் விபுலாநந்த அடிகளும் அன்னை தெரேசாவும் வழக்கம்போல வந்து சேர்ந்தனர். ஒரு மாணவன் மட்டும், யூரியூப்பிலே வாரந்தோறும் வெளிவரும் நகைச்சுவைத் தொடர் ஒன்றில் வருகின்ற தந்தை ஒருவரைப் பற்றி எழுதியிருந்தான். அத்தந்தையாக நடிப்பவரைப் பற்றியன்று. கதையில் வரும் தந்தையைப் பற்றியே. அவர் எப்போது சினப்பார், எச்சொல்லைக் கூறித் தணிவார், மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்துவிட்டு எங்கே தேடுவார் என்பனவெல்லாம் நான்கு பக்கங்களில் நிரம்பிக் கிடந்தன.

நாம் சிவப்பு மையினால், "பொருள் தலைப்புக்கு ஒவ்வாது. இல்லாத ஒருவரை எவ்வாறு போற்றுவது?" என்று எழுதி, இருபதுக்கு ஐந்து புள்ளிகள் வழங்கினோம். அதற்குப் பின் வந்த இரு கட்டுரைகளுக்கும் அம்மாணவன் தலைப்பை மட்டும் அழகாக எழுதி, அடிக்கோடிட்டு, எஞ்சிய தாளை வெறுமையாகவே தந்தான். முன்னர் நான்கு பக்கம் எழுதியவன் இவன். வெறுந்தாளைத் திருத்துவதற்குச் சிவப்பு மை உதவாது என்பதை அன்றே அறிந்தோம்.

இம்மலரின் பணி தொடர்பாக எமது ஆசிரியர் கூடத்துக்கு வந்திருந்த மூத்த பழைய மாணவர் ஒருவர், மேசைமேற் கிடந்த அக்கொப்பியைப் புரட்டினார். எம்மினும் இருபது வயதுக்கு மேல் மூத்தவர். படித்துச் சிரித்தார். பின்னர்ச் சிவப்பு மையைக் கண்டு, "தம்பி, இல்லாத ஆளைப் போற்றக் கூடாதெண்டா, நாங்க மரிக்காரை என்ன செய்யிற? அப்ப எங்கட வகுப்பு முழுக்க அஞ்சு புள்ளிக்காரர்தான்" என்றார்.

அவர் கூறிய மரிக்கார் யார் என்பதும், அவர் வகுப்பு முழுவதும் அம்மரிக்காரை ஏன் போற்றியது என்பதும் இக்கட்டுரையின் நடுப்பொருள்களாகும். அதற்குமுன் சொல் ஆராய்ச்சி சிறிது வேண்டற்பாலது.

இரசிகனும் விசிறியும்

இரசிகன் என்னும் சொல் இரசம் என்னும் வடசொல்லின் வழி வந்தது. இரசம் என்பது சாறு, சுவை. ஆகவே, சுவையறிந்தவன் எவனோ அவனே இரசிகன். சுவை உள்ளத்தே தோன்றுமிடத்து அஃது உடம்பின்கண் வெளிப்படுதலை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் எனத் தனியியலே ஒன்று உண்டு. சிரிப்பும் அழுகையும் வியப்பும் வெகுளியும் உள்ளிட்ட எட்டினை அவ்வியல் வகுத்துக் கூறுவதுடன், ஒவ்வொன்றும் எவ்வெக் காரணத்தாற் பிறக்கும் என்பதனையும் கூறுகின்றது. இங்கு நாம் உற்று நோக்கவேண்டுவது யாதெனின், சிரிப்பவன் தான் ஏன் சிரிக்கின்றான் என்று கேட்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று என்பதே.

இனி, ஆங்கிலத்திலே 'ஃபேன்' என்னும் சொல்லை நோக்குவோம். 'ஃபனற்றிக்' என்னும் நெடுஞ்சொல்லின் குறுக்கமாக இதனைப் பெரும்பாலார் கொள்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலே, பேஸ்போல் ஆட்டத்தில் மிக்க விருப்புடையாரைக் குறிக்க அது பரவலாக வழங்கலாயிற்று. நெடுஞ்சொல்லோ கோயிலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்து, தெய்வ ஆவேசம் கொண்டவனையும், பின்னர் வெறி கொண்டவனையும் குறித்தது. நம்மவருள் யாரோ ஒருவர் அச்சொல்லைக் காற்று வீசும் கருவியின் பெயராக எடுத்துக்கொண்டு 'விசிறி' எனப் பெயர்க்க, அப்பிழையே வழக்காகி நிலைபெற்றுவிட்டது. பிழையாயினும் அதில் ஓர் உண்மை மறைந்திருக்கின்றது. விசிறி பிறர்க்குக் காற்றை வீசும். தனக்கென ஒன்றும் கொள்ளாது. இரசிகனோ முதலிலே தான் சுவைத்து, பின்னரே பிறர்க்குக் கூறுவான். ஒருவன் சுவையாற் பிறந்தவன். மற்றவன் ஆவேசத்தாற் பிறந்தவன். ஒரே ஆளிடத்தில் இவ்விருவரும் குடியிருத்தல் கூடும் என்பதே இப்பொருளின் சிக்கல்.

1956ஆம் ஆண்டில் ஹோட்டன், வோல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், வானொலி, தொலைக்காட்சி முதலியவற்றில் தோன்றுவோர்மீது கேட்போரும் பார்ப்போரும் கொள்ளும் உறவினை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவ்வுறவினைத் தொலைவிலிருந்து கொள்ளும் நெருக்கம் என அவர்கள் விளக்கினர். தோன்றுபவர் பார்ப்பவனுடன் நேருக்கு நேர் பேசுவது போலப் பேசுகின்றார். பார்ப்பவன் அவரை நெடுநாட் பழகிய நண்பராகக் கருதுகின்றான். அவரோ இவனை அறியார். உறவு ஒருபாற்பட்டது. இவ்வாராய்ச்சி எழுந்தபோது நம் நாட்டிலே தொலைக்காட்சியே இல்லை. ஆனால் அந்நெருக்கம் நம்மிடையே வேறொரு வழியாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

வானொலிக் காலம்

கொழும்பிலே வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தொடங்கிற்று. 1950ஆம் ஆண்டில் வர்த்தக சேவை தோன்றிற்று. அக்காலத்தில் இந்திய அரசின் வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்தமையால், பாட்டு வேண்டிய தமிழகத்து நேயர் பலர் இலங்கையை நாடித் தம் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினர். 1957ஆம் ஆண்டில் இந்திய வானொலி விவித பாரதி என்னும் சேவையைத் தொடங்கிய பின்னரும் அப்பழக்கம் எளிதில் மறையவில்லை. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் முதலியோரின் குரல்கள் கடலுக்கு இப்பாலும் அப்பாலும் வீட்டுக் குரல்களாயின. முகம் அறியாத அவர்க்கு நேயர் தபாலட்டை எழுதினர். தம் பெயர் வானொலியில் வாசிக்கப்படும் ஒரு கணத்துக்காக ஒரு கிழமை காத்திருந்தனர்.

எமது இளமையிலும் அக்காலத்தின் வால் இருந்தது. பற்றரி வாங்க வகையில்லாத நாட்களில், பழைய பற்றரிகளை வெயிலிற் காயவைத்து மீண்டும் இட்டு, தேய்ந்த ஒலியிலே நாடகம் கேட்டவர் நாம். குரல் மெலிந்து மெலிந்து அற்றுப்போகும்போது, எஞ்சிய கதையை எம் தந்தையார் தாமே நடித்து முடிப்பார். அன்று நாம் எதன் இரசிகர்? நாடகத்தினதா, தந்தையாரினதா? இன்றும் எமக்கு விடை தெளிவாகவில்லை.

வானொலி நாடகத்தின் வலிமை பாத்திரத்திலே இருந்தது. முகம் தெரியாதாகலின், கேட்போன் தானே முகம் வரைந்துகொள்வான். சானா எனப் புகழ்பெற்ற சண்முகநாதனின் 'இலண்டன் கந்தையா' போன்ற பாத்திரங்கள், ஊரிலே உள்ள யாரோ ஒருவர்க்குப் பட்டப்பெயராகுமளவு மக்கள் வாயிலே பழகின. அவ்வரிசையில் வந்தவரே எம் மூத்தவர் கூறிய மரிக்கார்.

நால்வர் கதை

எஸ். ராமதாஸ் எழுதி வானொலியில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் நகைச்சுவைத் தொடரில் நால்வர் தலையாய பாத்திரங்கள். மரிக்கார் ஒரு முஸ்லிம். அப்புக்குட்டி ஒரு யாழ்ப்பாணத்தார். உபாலி ஒரு சிங்களவர். நான்காமவர் ஓர் ஐயர். ஒவ்வொருவரும் தத்தமக்குரிய தமிழைப் பேசினர். பேசும் தமிழ் நான்காயினும் கேட்கும் செவி ஒன்றாக இருந்தது. இத்தொடர் பெற்ற பெயரினால் 1976ஆம் ஆண்டில் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமும் எழுந்தது.

இனி நடித்தவர்களை நோக்குக. மரிக்காராக நடித்தவர் ராமதாஸ் என்னும் தமிழர். அப்புக்குட்டியாக நடித்தவர் ரி. ராஜகோபால். சிங்களவராகிய உபாலியாக நடித்தவர் எஸ். செல்வசேகரன் என்னும் தமிழர். ஐயராக நடித்தவரோ பி. எச். அப்துல் ஹமீத் என்னும் முஸ்லிம். தமிழன் முஸ்லிமாகவும், முஸ்லிம் ஐயராகவும், தமிழன் சிங்களவனாகவும் பேச, நாடு சிரித்தது. இதற்குமேல் நிகழ்ந்ததே எம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. பாத்திரத்தின் பெயர் நடிகரை விட்டு நீங்கவில்லை. மரிக்கார் ராமதாஸ் எனவும், அப்புக்குட்டி ராஜகோபால் எனவும், உபாலி செல்வசேகரன் எனவும் அவர்கள் நெடுங்காலம் அழைக்கப்பெற்றனர். தந்தையர் இட்ட பெயருக்கு முன்னே இரசிகர் இட்ட பெயர் வந்து அமர்ந்துகொண்டது. ஒரு நடிகனுக்கு இரசிகர் வழங்கத்தக்க பட்டம் இதனினும் உயர்ந்தது யாது?

எம் கரையோரத்தின் அமைப்பை அறிந்தார்க்கு இதன் பொருள் மேலும் ஆழமாக விளங்கும். பெரியநீலாவணையிலிருந்து தெற்கே வருக. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழூரும் முஸ்லிமூரும் ஒரே தெருவிற் கோத்த மணிகளைப்போல மாறிமாறி வரும். ஓரூர் எங்கே முடிந்து மற்றையது எங்கே தொடங்குகின்றது என்பதைப் புதியவர் அறியார். நாம் பேசுவதும் ஒரே மட்டக்களப்புத் தமிழே. உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா என்னும் உறவுப் பெயர்களாலும் சில வழக்குகளாலும் முஸ்லிம் மக்களின் பேச்சு வேறுபடுமேயன்றி, அடிநாதம் ஒன்றே. எனவே, மரிக்காரின் தமிழ் எம் பகுதி முஸ்லிம்களின் தமிழன்று எனவும், "அது கொழும்புப் பேச்சு" எனக் கல்முனை நண்பர்களே சொல்லிச் சிரித்தனர் எனவும் மூத்தவர் கூறினார். "எங்கட பெஞ்சில இருந்த முஸ்லிம் பொடியனுகள் அப்புக்குட்டியைப் போலப் பேசுவானுகள், நாங்க மரிக்காரைப் போலப் பேசுவம், வாத்தியார் வந்தா எல்லாரும் ஐயராயிருவம்" என்றார் அவர்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். பிறர் பேச்சைப் போலப் பேசிக் காட்டுதல் இகழ்ச்சியாகாதா? ஆகும், ஆகாமலும் இருக்கும். சிரிப்புக்குரியவன் கதையின் முடிவிலே தனியே நிற்பானாயின் அஃது இகழ்ச்சி. அவனும் உடனிருந்து சிரிப்பானாயின் அது விளையாட்டு. அந்நால்வருள் ஒருவர் மட்டும் அறிவிலியாகவும் ஏனையோர் அறிவுடையோராகவும் இருந்தாரல்லர். நால்வருமே கோமாளிகள். தலைப்பே அதனைக் கூறிற்று. அச்சமன்பாட்டினாலேயே எவரும் மனம் நோகாது சிரிக்க முடிந்தது.

எனினும் உண்மையை மறைத்தலாகாது. ஒன்றாகச் சிரித்த நாடு ஒன்றாக வாழவில்லை. 1985ஆம் ஆண்டும் 1990ஆம் ஆண்டும் இக்கரையோரத்து இரு சமூகத்தார்க்கும் ஆறாத வடுக்களை விட்டுச் சென்றன. ஒரு வானொலித் தொடரின்மீது கொண்ட பொது விருப்பு அவற்றைத் தடுக்கவில்லை. தடுக்குமென எதிர்பார்த்தலும் பேதைமை. ஆனால், "இல்லாத" மரிக்காரைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், அவ்வயோதிபர் தம் பழைய வகுப்பிலிருந்த முஸ்லிம் நண்பர் மூவரின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருள் ஒருவர் இப்போது எங்கிருக்கின்றார் என எம்மிடமே கேட்டார். பாத்திரம் இல்லாததுதான். அதன் வழியாக நினைவுக்கு வந்தவர்கள் இருக்கின்றவர்கள்.

பாத்திரம் வேறு, நடிகர் வேறு

பாத்திரத்தை நேசித்தல் வேறு. நடிகரை நேசித்தல் வேறு. இவ்வேறுபாட்டை எம் ஊர்கள் நெடுங்காலமாக அறியும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் பதினெட்டு நாட் பெருவிழாவில், பாரதக் கதையின் நிகழ்ச்சிகள் கோயில் வீதியிலும் ஊரிலும் நடத்தப்படுகின்றன. பாண்டவராகக் கோலங்கொண்டோர் வனவாசம் செல்கின்றனர். அருச்சுனன் தவநிலை ஏறுகின்றான். இறுதியில் தீமிதிப்பு நிகழும். கோலங்கொண்டவர் நோன்பிருக்கின்றார், மக்கள் அவரை வணங்குகின்றனர். விழா முடிந்தபின் அவர் மீண்டும் எம் அயலவரே. சந்தையிலே மீனுக்கு விலை பேசுபவரே. வணக்கம் கோலத்துக்கு உரியது என்பதை வணங்கியவரும் அறிவர், வணங்கப்பெற்றவரும் அறிவர். மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலும் இந்நிலையே. அரங்கேற்றத்திலே தருமனுக்கு வெடி கொளுத்தி மாலையிடும் ஊரார், மறுநாள் அவன் வேலிக் கணக்கிலே பிழைவிட்டால் விடமாட்டார்.

பாத்திரத்தின்மீது கொள்ளும் அன்பு எழுத்தாளனையும் வெல்லும். ஆதர் கொனன் டொயில் 1893ஆம் ஆண்டில் தம் துப்பறிவாளர் ஷேர்லொக் ஹோம்ஸைக் கதையிற் கொன்றுவிட்டார். வாசகர் வெகுண்டு எழுதினர், வருந்தினர். 1901இல் முன்னிகழ்ந்த கதையொன்றின் வாயிலாகவும், பின்னர் 1903இல் அவர் இறக்கவேயில்லை எனக் கூறியும், ஆசிரியர் ஹோம்ஸை மீட்டுத் தரவேண்டியதாயிற்று. இல்லாத ஒருவரைப் போற்றக்கூடாது என்ற எமது சிவப்பு மை அன்றைய இலண்டன் மாநகரிலும் செல்லுபடியாகியிராது.

அன்பு அளவிறந்த இடம்

வேறுபாடு மறைந்தவிடத்து நிகழ்வது யாது? அதற்குத் தமிழுலகிற் பெருஞ்சான்று எம். ஜி. இராமச்சந்திரன். 1917ஆம் ஆண்டில் நம் நாட்டின் கண்டிப் பகுதியிலே பிறந்து, தமிழகம் சென்று, திரையிலே ஏழைகளைக் காக்கும் வீரனாகத் தோன்றிய அவரை மக்கள் திரைக்கு வெளியிலும் அவ்வீரனாகவே கண்டனர். ஊர்தோறும் இரசிகர் மன்றங்கள் எழுந்தன. அம்மன்றங்கள் படம் பார்த்ததோடு அமையாது, தேர்தற் பணியும் ஆற்றின. 1967ஆம் ஆண்டு சனவரியில் அவர் சுடப்பட்டபோது மக்கள் தம் வீட்டிலொருவர் வீழ்ந்தாற்போலத் துடித்தனர். 1977ஆம் ஆண்டில் அவர் தமிழக முதலமைச்சரானார். 1987ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தபோது துயரம் தாங்காது தம் உயிரையே மாய்த்துக்கொண்டோரும் உளர்.

அவர்களின் அன்பை எள்ளுதல் எமது கருத்தன்று. மன்றங்கள் பல, எளியோர்க்கு உணவும் உடையும் வழங்கின. அடையாளமற்ற இளைஞனுக்கு அவை ஓர் அடையாளம் தந்தன. ஆயினும், தன் உயிரையே கொடுத்த அவ்விரசிகனின் பெயரை அறிந்தார் எத்தனைபேர்? தொலைவிலிருந்து கொள்ளும் நெருக்கத்திலே தொலைவை மறந்து நெருக்கத்தை மட்டும் நினைந்தவன் அவன். அவனைப் பெற்றவர்கள் தொலைவில் இல்லை; ஒரே வீட்டில் இருந்தனர்.

கைக்குள் வந்த திரை

நம் நாட்டிலே தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டில் வந்தது; ரூபவாஹினி 1982ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. இன்று திரை கூடத்தினின்றும் நீங்கிக் கைக்குள் வந்துவிட்டது. இதனால் விளைந்த மாற்றங்கள் இரண்டினைக் கூறுவோம்.

ஒன்று, இரசிகரே நிகழ்ச்சியின் ஒரு பகுதியாயினர். தமிழ் 'பிக் பொஸ்' நிகழ்ச்சி 2017ஆம் ஆண்டு யூன் மாதம் தொடங்கியபோது, நடிகை ஓவியாவின் இரசிகர் தம்மை ஒரு படை எனவே அழைத்துக்கொண்டனர். 2019ஆம் ஆண்டில் நிகழ்ந்த மூன்றாம் பருவத்திலே இலங்கையரான லொஸ்லியாவும் தர்ஷனும் பங்குபற்ற, எம் வீடுகளிலும் கட்சிகள் உண்டாயின. இது பாத்திரமா, ஆளா என்னும் ஐயம் இங்கே உச்சநிலையை அடைகின்றது. அவர்கள் தம் பெயரிலேயே தோன்றுகின்றனர். ஆயினும் பல மணி நேர வாழ்க்கையினின்றும் ஒரு மணி நேரத்தைத் தெரிந்தெடுத்துக் காட்டுபவர் வேறொருவர். தெரிந்தெடுத்துக் காட்டப்பெற்றது எதுவாயினும் அதன்கண் ஒரு பாத்திரம் உண்டு. இதனை உணராதோர், தாம் விரும்பாத போட்டியாளரைக் கொலைஞரைத் தூற்றுமாப்போலத் தூற்றுகின்றனர். கூத்திலே துரியோதனனாக ஆடியவன்மேல் மறுநாள் கல்லெறிதலை ஒக்கும் இது.

மற்றொன்று, உலகம் முழுவதும் ஒரு நொடியிற் சேர்ந்து சிரிக்க வழி பிறந்தது. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரண்ட்ஸ்' திரைப்படத்திலே வடிவேலு நடித்த ஒப்பந்தக்காரர் நேசமணியின் தலையிலே சுத்தியல் விழும். பதினெட்டு ஆண்டுகளின் பின், 2019ஆம் ஆண்டு மே மாத இறுதியில், சுத்தியல் ஒன்றின் படத்தைக் காட்டி, இதற்கு உங்கள் நாட்டிற் பெயர் என்ன என யாரோ வினவினர். தமிழர் ஒருவர் பெயரைக் கூறி, இதனாலேயே நேசமணி காயமுற்றார் என விடையளித்தார். உடனே, நேசமணிக்காக வேண்டுதல் செய்க என்னும் சொற்றொடர் ருவிற்றரிலே உலகளவிற் பரவியது. தமிழறியாதோர், உண்மையிலே யாருக்கோ தீங்கு நேர்ந்ததென எண்ணினர். இதனை வீண்செயல் என்பாரும் உளர். ஆயினும், அங்கே எவரும் ஏமாறவில்லை, எவரும் தூற்றப்படவில்லை. நேசமணி இல்லாதவர் என்பதை அறிந்தே அவர்க்காக வேண்டினர். இல்லாதவரை இல்லாதவரென அறிந்து நேசித்தலே இரசிகனின் நலம் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

மாணவர்க்குச் சில பயிற்சிகள்

மாணவரின் விருப்பத்தைத் தடுத்தல் நமக்கு இயலாது, இயலினும் தகாது. அவ்விருப்பத்தைச் சுவையறிவாக வளர்த்தலே தமிழாசிரியனின் கடன். எம் வகுப்பிலே கையாண்டு கண்ட பயிற்சிகள் நான்கினை ஈண்டுத் தருகின்றோம்.

முதலாவது, பாத்திரத்தைப் பற்றி ஒரு பத்தியும், அதனை நடித்தவரைப் பற்றி ஒரு பத்தியும், அதனை எழுதியவரைப் பற்றி ஒரு பத்தியும் தனித்தனியே எழுதுக. மூன்றாம் பத்தியை எழுத இயலாது பெரும்பாலோர் விழிப்பர். எழுதியவரின் பெயரைத் தேடும்போதே அவர்கள் கலையின் உள்வீட்டுக்குட் புகுகின்றனர்.

இரண்டாவது, "நன்றாக இருந்தது" என்னும் தொடரை விலக்கி, எவ்விடத்திற் சிரித்தாய், அவ்விடத்துக்குச் சற்று முன்னே என்ன நிகழ்ந்தது என எழுதுக. மெய்ப்பாட்டின் காரணத்தை நாடும் இம்முயற்சி, பின்னர் கம்பனைப் படிக்கும்போதும் துணைநிற்கும்.

மூன்றாவது, உன் அயலிருக்கையான் விரும்பும் நடிகரைப் பற்றி, அவன் படித்து ஒப்புக்கொள்ளுமாறு, நல்லன ஐந்து எழுதுக. இதுவே யாவற்றினும் கடினமானது. இரசிகர் சண்டைகள் இப்பயிற்சியின் முன் நிற்கமாட்டா.

நான்காவது, கண்டதைப் போன்று ஒன்றினை ஆக்குக. ஒரு காட்சி போதும். எம் ஊர்ப் பேச்சிலே அமையட்டும்.

இந்நான்காம் பயிற்சிக்கு வழிகாட்டிகள் நம்மிடையே உளர். ரசிகமணி என்பதனையே தம் சிறப்புப் பெயராகப் பெற்ற டி. கே. சிதம்பரநாத முதலியார் கம்பனின் பேரிரசிகர். அவரைச் சூழக் கூடிய வட்டத்தொட்டி என்னும் நண்பர் குழு, தமிழ்ச் சுவையைப் பகிர்ந்துண்ட பந்தி எனலாம். நமக்கு இன்னும் அண்மையில், 1892ஆம் ஆண்டில் காரைதீவிலே தோன்றிய விபுலாநந்த அடிகள், சேக்கிழார்க்கும் இளங்கோவுக்கும் மட்டுமன்றி, ஷேக்ஸ்பியருக்கும் இரசிகர். அவ்விரசனை 1926ஆம் ஆண்டில் 'மதங்க சூளாமணி' என்னும் நாடகவியல் நூலாக விளைந்தது. கடல் கடந்த ஒருவரின் நாடகங்களைச் சுவைத்து, அவற்றைத் தம் மொழியின் நாடக இலக்கணத்தோடு ஒப்புநோக்கி நூல் செய்தாரெனின், இரசிகன் அடையக்கூடிய உயரம் அதுவேயாகும். அவர் பிறந்த ஊருக்கும் நம் வகுப்பறைக்கும் இடையே உள்ளது ஒரு சிறு பேருந்துப் பயணமே.

முடிவுரை

வெறுந்தாள் தந்த மாணவனிடம் கொப்பியை மீளக் கொடுத்து, "தம்பி, பிழை எங்கள் பக்கத்திலும் இருக்கிறது. இன்னொரு பத்தி மட்டும் சேர்த்து எழுதித் தாரும்: இவரை ஏன் பிடிக்கும்?" என்றோம். இரண்டு நாள் கழித்து அவன் எழுதித் தந்தது ஒரு பக்கமும் நிரம்பவில்லை. அவனுடைய தந்தையார் கட்டார் நாட்டிலே ஏழாண்டுகளாகத் தொழில் புரிகின்றார். வெள்ளிக்கிழமைகளிலே அவர் அங்கும், இவனும் தாயாரும் தங்கையும் இங்குமாக அத்தொடரை ஒரே வேளையிற் பார்ப்பார்கள். முடிந்ததும் தந்தையார் கைத்தொலைபேசியில் அழைப்பார். வேறு பேச்சுக்கு விடயம் இல்லாத கிழமைகளிலும் அத்தொடரைப் பற்றிப் பேசலாம். அவரும் கண்ணாடியை வைத்துவிட்டுத் தேடுபவராம். "அவர் இருக்கிறார் சேர். நாங்கள் சிரிக்கும்போது அங்கே அவரும் சிரிக்கிற சத்தம் கேட்கும்" என்று முடித்திருந்தான்.

ஐந்து என்னும் இலக்கத்தை வெட்டிப் பதினேழு எனத் திருத்தினோம். மூன்று புள்ளிகளை எழுத்துப்பிழைக்காகக் குறைத்தோம். அதிலே எமக்கு இரக்கம் இல்லை.

பழைய மாணவராகிய பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்களிடத்தே வானொலிக் காலத்து நினைவுகள் உண்டு. மரிக்காரும் அப்புக்குட்டியும் எவ்வாறு பேசினர் என்பதை இன்றைய மாணவர் அறியார். ஒரு வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றத்துக்கு வருக. வந்து பேசிக் காட்டுக. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வாழும் உங்கள் பழைய நண்பர்களையும் உடனழைத்து வருக. மாணவர் தம் கைத்திரையிலுள்ளவர்களை உங்களுக்கு அறிமுகஞ் செய்வர். இல்லாத பாத்திரங்களைப் பற்றி இருக்கின்ற நாம் கூடிப் பேசுவோமாயின், அதுவே இரசனையின் பயன். கல்லூரியின் பயனும் அதுவே.

வாழ்க தமிழ்! வளர்க நம் கல்லூரி!